அத்தியாயம் 9: ஏசி கம்ப்ரஸர் ஆயில் – பார்ப்பதும் நிரப்புவதும்

பானெட்டைத் திறந்தால் இன்ஜின் ஆயிலுக்கு டிப்ஸ்டிக் இருக்கிறது. பிரேக் ஆயிலுக்கும் கூலண்டுக்கும் மேல் கோடு, கீழ்க் கோடு போட்ட டப்பா இருக்கிறது. ஏசி கம்ப்ரஸர் ஆயிலுக்கு இரண்டுமே கிடையாது. இன்று ஓடும் பெரும்பாலான கார்களில், உள்ளே ஆயில் எவ்வளவு மிச்சம் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கண்ணில் படாத பொருள் என்பதால் இதில் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. ஒரு சாரார் ஆயில் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு வருஷா வருஷம் கேஸ் மட்டும் ஏற்றுகிறார்கள். இன்னொரு சாரார் கேஸ் ஏற்றும் போதெல்லாம் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கொஞ்சம் ஆயிலும் விடுகிறார்கள். முதல் தவறில் கம்ப்ரஸர் ஜாம் ஆகும். இரண்டாவதில் குளிர்ச்சி போகும். இரண்டுக்கும் மாற்று ஒரே விதிதான்: வெளியே போனது எத்தனை மில்லி என்று தெரிந்துகொண்டு, அத்தனை மில்லியை மட்டும் திரும்ப விட வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கணக்கைப் போடும் முறைதான்.

ஆயில் எங்கே இருக்கிறது?

இன்ஜின் ஆயில் போல இது ஒரு தொட்டியில் தங்கியிருப்பதில்லை. கேஸுடன் கலந்து சிஸ்டம் முழுக்கச் சுற்றுகிறது. கம்ப்ரஸருக்குள் வரும் குளிர்ந்த கேஸ் கொண்டுவரும் ஆயில் துளிகளே பிஸ்டனையும் ஸ்வாஷ் பிளேட்டையும் பேரிங்கையும் நனைக்கின்றன. பிறகு அதே ஆயில் கேஸோடு வெளியேறி கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ், கூலிங் காயில் வழியாகத் திரும்பி வருகிறது.

ஒரு சிறிய ஹேட்ச்பேக்கில் மொத்த ஆயில் பொதுவாக 80 முதல் 150 மி.லி. வரைதான். பின்சீட்டுக்குத் தனி ஏசி உள்ள பெரிய வண்டிகளில் 200 மி.லி.யைத் தாண்டும். வண்டி ஓடி நின்ற பிறகு இதில் ஏறத்தாழ பாதி கம்ப்ரஸருக்குள் இருக்கும். மீதி மற்ற பாகங்களின் உள்சுவரில் படலமாக ஒட்டியிருக்கும். அதனால்தான் எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அதோடு கொஞ்சம் ஆயிலும் போய்விடுகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். கேஸ் குறைந்தால், ஆயில் அளவு சரியாக இருந்தாலும், அது கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. சுமந்துவர ஆளில்லாமல் கூலிங் காயிலிலேயே தங்கிவிடும். கேஸ் மிகக் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்திவிட பிரஷர் சுவிட்ச் இருப்பது இதற்காகவும்தான். 'கிளட்ச் போடவில்லை, டைரக்ட் கொடுத்துப் பார்க்கலாம்' என்று அந்தச் சுவிட்சைத் தாண்டி வயர் இழுத்து ஓட்டுவது, கம்ப்ரஸரை ஆயிலில்லாமல் ஓட்டுவதற்குச் சமம்.

குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

ஆயில் குறைந்தால் முதலில் சத்தம் வரும். ஏசி போட்டதும் கரகரப்பு, அணைத்ததும் அமைதி. அடுத்து கம்ப்ரஸர் உடல் அளவுக்கு மீறிச் சுடும். உலோகம் உலோகத்தோடு உராய்ந்து தூளாகி, கறுப்புச் சேறு போல எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் அடைக்கும். கடைசியில் ஜாம். அந்த நிலையில் கம்ப்ரஸர் மட்டும் மாற்றினால் போதாது. தூள் பரவிய கண்டென்சரையும் டிரையரையும் வால்வையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

கூடினால் ஆயில் கண்டென்சர், கூலிங் காயில் குழாய்களின் உள்ளே தடித்த படலமாகப் படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கும். கேஸ் இருக்க வேண்டிய இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஹை சைடு பிரஷர் ஏறும். டேஷ்போர்டில் வரும் காற்று சுமாராகத்தான் குளிரும். இன்னும் அதிகமானால், அழுத்த முடியாத திரவம் சிலிண்டருக்குள் புகுந்து வால்வ் தகட்டை உடைத்துவிடும். 'கேஸ் சரியாக இருக்கிறது, ஆனாலும் கூலிங் இல்லை' என்று வரும் வண்டிகளில், முன்பு பலமுறை கணக்கில்லாமல் ஆயில் விட்டிருக்கிறார்களா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

எப்போது இந்த வேலை தேவை?

லீக் இல்லாமல் ஓடும் ஏசியில் ஆயிலைப் பார்க்கவோ மாற்றவோ வேண்டியதில்லை. கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றும் ஆயில் இது இல்லை. கீழ்க்கண்ட நேரங்களில் மட்டும் கை வைக்க வேண்டும்:

- கம்ப்ரஸர், கண்டென்சர், கூலிங் காயில், டிரையர், ஹோஸ் ஆகியவற்றில் ஏதாவது மாற்றும்போது.
- ஹோஸ் வெடித்தோ, விபத்தில் கண்டென்சர் கிழிந்தோ கேஸ் ஒரேயடியாக வெளியேறியபோது. இப்படிப் போகும் கேஸ் ஆயிலையும் வாரிக்கொண்டு போகும்.
- ஜாயிண்டிலோ ஷாஃப்ட் சீலிலோ கண்ணுக்குத் தெரியும் அளவு ஆயில் கசிந்திருக்கும்போது.
- வேறு வகை ஆயில் கலந்துவிட்டது என்று சந்தேகம் வரும்போது.

மாதக்கணக்கில் மெதுவாகக் கேஸ் குறைந்த வண்டியில், வெளியே ஆயில் தடம் இல்லையென்றால், ஆயில் இழப்பு மிகக் குறைவாகவே இருக்கும்.

எந்த ஆயில்?

அளவுக்கு முன்னால் வகையை முடிவு செய்ய வேண்டும். பானெட்டின் உள்பக்கமோ ரேடியேட்டர் மேல் சட்டத்திலோ ஒட்டியிருக்கும் ஏசி ஸ்டிக்கரில் கேஸ் வகையும் எடையும் இருக்கும். பல வண்டிகளில் ஆயில் வகையும் இருக்கும். கம்ப்ரஸர் உடம்பில் உள்ள லேபிளிலும் பாருங்கள்.

| வண்டி / கேஸ் | ஆயில் |
|---|---|
| மிகப் பழைய கார், ஆர்-12 | மினரல் ஆயில் |
| ஆர்-12 இலிருந்து ஆர்-134ஏ-வுக்கு மாற்றியது | பெரும்பாலும் எஸ்டர் ஆயில் |
| ஆர்-134ஏ, பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் | பாக் 46, பாக் 100 அல்லது பாக் 150 |
| ஆர்-1234ஒய்எஃப் | அந்தக் கேஸுக்கென்றே செய்த பாக் ஆயில் |
| ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்களின் மின் கம்ப்ரஸர் | பிஓஇ ஆயில் அல்லது தயாரிப்பாளர் சொல்லும் மின்கடத்தா ஆயில் மட்டும் |

பாக் ஆயிலின் பக்கத்தில் உள்ள எண் அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. 46 கேட்கும் கம்ப்ரஸருக்கு 150 ஊற்றுவது, 150 கேட்பதற்கு 46 ஊற்றுவது இரண்டும் தவறு. தயாரிப்பாளர்களுக்குச் சொந்தப் பெயர்களும் உண்டு. டென்சோவின் என்டி-8 ஆர்-134ஏ-வுக்கும், என்டி-12 ஆர்-1234ஒய்எஃப்-புக்கும், என்டி-11 மின் கம்ப்ரஸருக்கும் உரியவை. லேபிளில் இப்படிப் பெயர் இருந்தால் அதையே வாங்குங்கள்.

மின் கம்ப்ரஸரில் மோட்டார் சுருள் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. பாக் ஆயில் மின்சாரத்தைக் கடத்தும். மிகச் சிறிய அளவு கலந்தாலும் இன்சுலேஷன் குறைந்து வண்டியே கிளம்ப மறுக்கலாம். பெட்ரோல் கார்களுக்குப் பயன்படுத்திய ஹோஸையும் கேஜையும் இவற்றில் மாட்டினால்கூட, உள்ளே ஒட்டியிருக்கும் பழைய ஆயில் போய்ச் சேரும். மேலும் இவை ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிளில் ஓடுபவை. எனவே ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகளின் ஏசி வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். இனி வருவது பெல்ட் கம்ப்ரஸருக்கு மட்டும்.

பாக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை விரைவாக இழுத்துக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், அதுவும் ஐப்பசி மழையில், மூடியைத் திறந்து வைத்த பாட்டிலை மறுநாள் பயன்படுத்தக் கூடாது. வாக்யூம் போட்டால் ஈரம் போய்விடும் என்பது ஆயிலுக்குப் பொருந்தாது; குழாயில் நிற்கும் தண்ணீர் ஆவியாகிப் போகும், ஆயிலோடு கலந்தது எளிதில் போகாது. 50 அல்லது 100 மி.லி. சிறு பாட்டிலாக வாங்கினால் மிச்சத்தைத் தூக்கிப் போட மனம் வரும்.

கருவிகளும் பாதுகாப்பும்

தேவையானவை: கேஸ் ரிகவரி மெஷின், மேனிஃபோல்ட் கேஜ், வாக்யூம் பம்ப், எலெக்ட்ரானிக் தராசு, மி.லி. கோடு போட்ட இரண்டு கண்ணாடி அளவுக்குவளை, புது ஓ-ரிங்குகள், திறந்த குழாய் வாயை அடைக்கத் தொப்பிகள், கண்ணாடி, கையுறை.

ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள். திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இது காற்றைவிடக் கனமானது. மூடிய ஷெட்டிலும், வண்டிக்கு அடியில் வெட்டிய குழியிலும் தேங்கி மூச்சை அடைக்கும். நெருப்பருகே சிதைந்து நச்சு வாயுவாகும். பக்கத்தில் வெல்டிங் நடக்கக் கூடாது. புவி வெப்பமாதலில் இதன் ஒரு கிலோ, கார்பன் டை ஆக்சைடின் ஆயிரம் கிலோவுக்கும் மேல் சமம். வால்வை அழுத்தி ஊருக்குள் ஊதிவிடாமல் ரிகவரி மெஷினில் எடுக்க இது ஒரு காரணம். ஊதிவிட்டால் அதோடு எவ்வளவு ஆயில் போனது என்று தெரியாது என்பது இன்னொரு காரணம். கணக்கு அங்கேயே அறுந்துவிடும்.

ரிகவரி மெஷின் இல்லாதவர்கள் லீக் தடம் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, மற்ற வேலைகளைப் பட்டறையில் கொடுக்கலாம்.

அளவும் நிலையும் பார்க்க நான்கு வழிகள்

*1. கண்ணால்.* லீக் ஆகும் இடத்தில் ஆயில் கசிந்து அதன்மேல் தூசி அப்பியிருக்கும். கிளட்சின் பின்புறம் உள்ள ஷாஃப்ட் சீல், ஹோஸும் அலுமினியக் குழாயும் சேரும் இடம், கண்டென்சரின் கீழ் மூலைகள், சர்வீஸ் வால்வ் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால், அதன் தண்ணீர் வடியும் குழாயின் நுனியில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

*2. ரிகவரி மெஷினின் ஆயில் குப்பியில்.* கேஸை எடுக்கும்போது கூடவே வரும் ஆயிலை மெஷின் பிரித்துச் சிறு குப்பியில் விடும். வேலை தொடங்கும் முன் குப்பியைக் காலி செய்துவிட்டு, முடிந்ததும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நிறத்தையும் பாருங்கள். தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் நல்லது. லீக் பார்க்கச் சாயம் விட்ட வண்டியில் பச்சையாகத் தெரியலாம். பழுப்பு என்றால் சூடேறிக் கருகியிருக்கிறது. கறுப்பாகவோ வெள்ளி மின்னலோடோ வந்தால் கம்ப்ரஸர் உள்ளுக்குள் தேய்கிறது. பால் போல வெளுத்திருந்தால் ஈரம் சேர்ந்திருக்கிறது.

*3. டிப்ஸ்டிக் வைத்து.* ஆயில் பிளக் உள்ள சில பழைய கம்ப்ரஸர்களில் மட்டும் இது முடியும். சாண்டன் எஸ்டி-508 வகை அவற்றில் ஒன்று. ஏசியைச் சில நிமிடம் ஐடிலில் ஓட்டி ஆயிலைத் திரும்ப வரவைத்து, கேஸை முழுக்க எடுத்த பிறகே பிளக்கைத் தளர்த்த வேண்டும். கம்ப்ரஸர் எந்தக் கோணத்தில் சாய்த்து மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சரியான அளவு மாறும். ஆகவே அதற்குரிய மேனுவல் அட்டவணை கையில் இல்லாமல் டிப்ஸ்டிக் மட்டும் இருந்து பயனில்லை.

*4. கழற்றிக் கவிழ்த்து.* நம்பகமான வழி இது. கேஸை எடுத்தபின் கம்ப்ரஸரைக் கழற்றி, சக்‌ஷன், டிஸ்சார்ஜ் துளைகள் கீழே பார்க்கும்படி அளவுக்குவளை மேல் கவிழ்த்துப் பிடியுங்கள். டிரெயின் பிளக் இருந்தால் அதையும் திறங்கள். கிளட்சின் முன் தட்டைக் கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே சொட்டு நிற்கும்வரை வடியுங்கள். அவசரப்பட்டால் பத்து மில்லி உள்ளேயே நின்று கணக்கைக் கெடுக்கும்.

எவ்வளவு விடுவது?

உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதுவே முடிவு. கிடைக்காதபோது சிறிய, நடுத்தரக் கார்களுக்குப் பட்டறைகளில் கைக்கொள்ளும் பொதுவான அளவுகள் இவை:

| மாற்றிய பாகம் | சேர்க்க வேண்டிய ஆயில் |
|---|---|
| கண்டென்சர் | 20–30 மி.லி. |
| கூலிங் காயில் | 30–50 மி.லி. |
| டிரையர் | 10–20 மி.லி. |
| ஒரு ஹோஸ் அல்லது குழாய் | சுமார் 10 மி.லி. |
| ரிகவரி குப்பியில் வந்தது | வந்த அளவே |

கம்ப்ரஸர் மாற்றும்போதுதான் பெரும் பிழை நடக்கிறது. பல புதுக் கம்ப்ரஸர்கள் மொத்த சிஸ்டத்துக்கும் போதுமான ஆயிலோடு வருகின்றன. அப்படியே மாட்டினால், பழைய ஆயில் ஏற்கெனவே குழாய்களில் ஒட்டியிருக்க, அதற்கு மேல் இன்னொரு முழு அளவு போய்ச் சேரும்.

ஓர் எடுத்துக்காட்டு. மொத்தம் 120 மி.லி. பிடிக்கும் கார். பழைய கம்ப்ரஸரைக் கவிழ்த்தபோது 50 மி.லி. வந்தது. லீக் தடம் எதுவும் இல்லை. அப்படியானால் மீதி 70 மி.லி. சிஸ்டத்தில் இருக்கிறது. புதுக் கம்ப்ரஸரையும் கவிழ்த்து அளக்கிறோம்: 120 மி.லி. அதில் 70-ஐ ஒதுக்கிவிட்டு 50-ஐ மட்டும் திரும்ப விட வேண்டும். அதே நேரத்தில் டிரையரும் புதிதானால் அதற்கு 10 சேர்த்து 60 மி.லி.

இதற்கு இரண்டு விலக்குகள். சிஸ்டம் முழுவதையும் ஃப்ளஷ் செய்திருந்தால் உள்ளே பழைய ஆயில் இல்லை. மேனுவல் சொல்லும் முழு அளவையும் விட வேண்டும். பழைய கம்ப்ரஸரில் ஏறக்குறைய ஒன்றுமே வராமல், வெளியே கசிவும் இருந்தால், போனது எவ்வளவு என்று ஊகிக்க முயலாதீர்கள். ஃப்ளஷ் செய்து கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு.

புதுக் கம்ப்ரஸர் ஆயிலே இல்லாமலும் வரலாம். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் கவிழ்த்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

ஃப்ளஷ் செய்வதென்றால்

ஏசிக்கென்று விற்கும் திரவத்தால் கூலிங் காயிலையும் நேர்க் குழாய்களையும் கழுவி, நைட்ரஜன் விட்டு முழுக்க உலர்த்த வேண்டும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. அவை ரப்பரையும் புது ஆயிலையும் கெடுக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருக்கும், அதுவும் வேண்டாம். கம்ப்ரஸர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் ஆகியவற்றைக் கழுவ முடியாது. இன்றைய கண்டென்சரின் குழல்கள் மிக நுண்ணியவை. உலோகத் தூள் புகுந்திருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

நிரப்பும் முறை

1. ரிகவரி மெஷினில் கேஸை முழுக்க எடுங்கள். கேஜில் இரு பக்கமும் பூஜ்யம் காட்டுவதை உறுதி செய்த பிறகே எந்த நட்டையும் தொடுங்கள்.
2. பாகத்தைக் கழற்றியதும் திறந்த வாய்களைத் தொப்பி போட்டு மூடுங்கள். புது டிரையரின் மூடியைக் கடைசி நேரத்தில் மட்டும் திறங்கள்.
3. மேலே சொன்ன கணக்குப்படி புது ஆயிலைக் குவளையில் அளந்து எடுங்கள். வடித்த பழைய ஆயிலை மறுபடி விட வேண்டாம்.
4. கம்ப்ரஸருக்குரியதை அதன் சக்‌ஷன் துளையிலோ ஆயில் பிளக்கிலோ மெல்ல ஊற்றுங்கள். கண்டென்சர், கூலிங் காயிலுக்குரியதை அந்தந்தப் பாகத்திலேயே ஊற்றலாம்.
5. கிளட்ச் முன் தட்டைக் கையால் பத்து முறையாவது சுழற்றுங்கள். சிலிண்டரில் தேங்கிய ஆயில் விலகாமல் இன்ஜின் ஓடினால், முதல் சுழற்சியிலேயே வால்வ் உடையலாம்.
6. கழற்றிய ஒவ்வொரு ஜாயிண்டிலும் புது ஓ-ரிங் போட்டு, அதே ஆயிலைத் தடவி மாட்டுங்கள். பாக் ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே துடையுங்கள், பெயிண்டை அரிக்கும்.
7. வாக்யூம் பம்பைக் குறைந்தது 30 நிமிடம் ஓட்டுங்கள். மழைக்காலத்தில் 45 நிமிடம். பம்பை நிறுத்தி வால்வை மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். முள் திரும்பி ஏறினால் லீக் இருக்கிறது.

எந்தப் பாகமும் கழற்றாமல், ரிகவரியில் வந்த 10 மி.லி. ஆயிலை மட்டும் ஈடுகட்ட வேண்டுமானால், வாக்யூம் நிலையில் ஆயில் இன்ஜெக்டர் மூலம் உள்ளிழுக்க விடலாம். ஹோஸுக்குள் ஒட்டி நிற்கும் ஓரிரு மில்லியையும், காற்று புகாமல் வால்வை மூடுவதையும் கவனிக்க வேண்டும். ஆயிலும் கேஸும் கலந்து விற்கும் சிறு டப்பாக்கள் வசதியானவைதான். ஆனால் தேவையா இல்லையா என்று பாராமல் ஒவ்வொரு முறையும் ஆயிலை உள்ளே தள்ளுபவையும் அவைதான்.

கேஸ் ஏற்றி ஓட்டிப் பார்த்தல்

கேஸைக் கேஜ் முள்ளை நம்பி ஏற்றாமல், ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவைத் தராசில் வைத்து ஏற்றுங்கள். கம்ப்ரஸர் ஓடும்போது லோ சைடில் டப்பாவை நிமிர்த்திப் பிடித்து ஆவியாக மட்டும் விட வேண்டும். கவிழ்த்தால் திரவம் போய்க் கம்ப்ரஸரை அடிக்கும். இன்ஜின் ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறக்கவே கூடாது.

முதல் ஐந்து நிமிடம் ஐடிலிலேயே விடுங்கள். ஆயில் சுற்றிப் பரவட்டும். அதுவரை ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம். ஆர்-134ஏ வண்டியில், வெளியே 35 டிகிரி அளவு வெயில் இருக்கும் நாளில், லோ சைடு 30–45 பிஎஸ்ஐ, ஹை சைடு 200–250 பிஎஸ்ஐ என்று ஏறத்தாழ நின்றால் சரி. அக்னி நட்சத்திர வெயிலில் ஹை சைடு இன்னும் ஏறும். கண்டென்சர் ஃபேன் ஓடுகிறது, கேஸ் எடையும் சரி, ஆனாலும் ஹை சைடு ஏறிக் குளிர்ச்சி மந்தமாக இருந்தால், உள்ளே காற்று புகுந்திருக்கிறதா, ஆயில் கூடிவிட்டதா என்று இரண்டையும் யோசியுங்கள்.

எழுதி வையுங்கள், கேட்டு வாங்குங்கள்

வேலை முடிந்ததும் சர்வீஸ் புத்தகத்தில் ஐந்து விவரம் எழுதுங்கள்: தேதி, மாற்றிய பாகம், வெளியே வந்த ஆயில், உள்ளே விட்ட ஆயில், ஆயிலின் வகை. அடுத்த முறை கை வைப்பவருக்குக் கணக்குத் தொடங்க இதுதான் வரவு செலவுப் புத்தகம்.

பட்டறையில் கொடுத்துச் செய்பவர்களும் இதே விவரங்களைப் பில்லில் எழுதித் தரச் சொல்லலாம். 'எத்தனை மில்லி வந்தது, எத்தனை மில்லி விட்டீங்க, எந்த நம்பர் ஆயில்?' என்று கேளுங்கள். அளந்து செய்யும் மெக்கானிக் தயங்காமல் பதில் சொல்வார். 'ஆயில் எல்லாம் கரெக்டா போட்டாச்சு சார்' என்பது மட்டும் பதிலாக வந்தால், அங்கே அளக்கவில்லை என்று பொருள். அடுத்த முறை கம்ப்ரஸர் வேலைக்கு அளவுக்குவளை வைத்திருக்கும் பட்டறையைத் தேடுங்கள்.